விடுமுறையும் கலைக்கூடமும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்மவர் வீடுகளில் ஒரு பெருங்கவலையும் உடன் வந்துவிடுகிறது. தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போக, பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டின் நான்கு சுவர்களுக்குள் கைத்தொலைபேசியோடு அடைபட்டுக் கிடக்கின்றனர். ஞாயிறன்று அங்காடி மாளிகைக்கு அழைத்துச் சென்று குளிர்ந்த காற்றை வாங்கித் தருவதே பெற்றோர் கடமை என்றாகிவிட்டது. இதனாற் பிள்ளைகள் பெற்ற பயன் யாது?

இதனைச் சிந்தித்தே, சென்ற விடுமுறையில் நாமும் அண்டை வீட்டாரும் ஐந்து பிள்ளைகளோடு கிள்ளானில் ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் சென்றோம். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளை அழித்தபின், நகரைச் செங்கல்லால் எழுப்பத் துணிந்தார்கள். அதற்குச் சூளைகள் எரிந்த இடமாதலின் அப்பெயர் வந்தது. பின்னர் ரயில்வேயில் உழைத்த தமிழகத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் அங்கே குடியேறினர். நம் பாட்டன்மாரின் வியர்வை உலர்ந்த மண் அது.

அவ்வூரில் ஜாலான் பெர்ஹாலா என்றொரு தெரு உண்டு. மலாய் மொழியில் பெர்ஹாலா என்றால் விக்கிரகம். 1894இல் தோன்றிய புத்த விகாரை அத்தெருவில்தான் இருக்கிறது. நுண்கலைக் கோயில் என்று பொருள்படும் 'டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்' நிலையமும் அங்கேயே இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் 1981இல் தொடங்கப் பெற்றது. பரதம், ஒடிசி, வாய்ப்பாட்டு, மிருதங்கம் முதலியன அங்கே கற்பிக்கப்படுகின்றன. அன்னலட்சுமி என்னும் உணவுச்சாலையும் அதைச் சார்ந்தது. வேண்டுமட்டும் உண்டு, மனம் ஒப்பியதைக் கொடுத்துச் செல்லலாம் என்பதே அச்சாலை பிறந்த கொள்கை.

வாயிலில் செருப்பைக் கழற்றிய சிறுமி ஒருத்தி, "நாம் உள்ளே போகலாமா, மாமா?" என்று தயங்கி நின்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, ஆயினும் தயங்கினாள். அழகான இடங்கள் பிறர்க்கே உரியன என்ற எண்ணம் ஏழைக் குழந்தையின் மனத்தில் எப்படியோ குடிபுகுந்துவிடுகிறது. உள்ளே வரிசையாய் நின்ற சிறுவர் சிறுமியர் தட்டுக்கழியின் ஒலிக்கேற்ப அடவு பயின்றுகொண்டிருந்தனர். அவளுடைய கால்விரல்களும் தாமே அசையத் தொடங்கின. லாரி ஓட்டுநரின் மகன் ஒருவனோ மிருதங்கம் ஒலித்த அறையின் பக்கத்திலேயே அமர்ந்து, முழங்காலில் தாளமிட்டபடி எழ மறுத்துவிட்டான்.

அவன் தந்தை, "அண்ணே, ஆண்பிள்ளைக்கு ஆட்டமும் மத்தளமும் எதற்கு? சோறு போடுமா?" என்றார்.

அவரைக் குறைகூறுவதற்கில்லை. சோற்றின் அருமையை அறிந்தவர் அவர். ஆனால் ஆட்டம் பெண்ணுக்கே உரியது என்பது உண்மையா? பரதத்தின் கச்சேரி முறையை வகுத்தவர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர். நால்வரும் ஆடவரே. இதே கோலாலம்பூரில் 1983இல் சூத்ரா நாட்டியக் குழுவை நிறுவிய ராம்லி இப்ராஹிம் மலாய்க்காரர். பரதமும் ஒடிசியும் கற்று உலகெங்கும் ஆடியவர். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. மலாய்க்காரர் போற்றி வளர்க்கும் கலை தமிழ்ச் சிறுவனுக்கு இழுக்காகுமா?

நிற்க. இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த தேவதாசிப் பெண்களை இகழ்ந்த சமுதாயம் நம்முடையது. பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போராடினார். 1947இல் சென்னையில் அதற்குச் சட்டம் வந்தது. கொடுமை ஒழிந்தது நன்றே. ஆனால் அதே காலத்தில், 1935இல் ருக்மிணி தேவி அம்மையார் மேடையேறி, அடுத்த ஆண்டே கலாக்ஷேத்திரம் கண்டபின், அக்கலை உயர்குடியினரின் பெருமையாகிவிட்டது. ஆடியவள் தாழ்ந்தவளானபோது கலை இழிவு. உயர்ந்தவளானபோது அதுவே புனிதம்! கலையா மாறிற்று? மாறியது ஆடியவர் குலமன்றோ?

ஜாதியின் பூட்டு இன்று தளர்ந்திருக்கிறது. பணத்தின் பூட்டோ தொங்குகிறது. அரங்கேற்றம் என்ற பெயரில் பட்டுக்கும் நகைக்கும் விருந்துக்கும் திருமணச் செலவு செய்வோர் உளர். அதைக் கண்ட ஏழைத் தாய், 'இது நமக்கல்ல' என்று மகளைத் திருப்பி அழைத்துச் செல்கிறாள். கலையின் வாயிலில் ஆடம்பரமே காவற்காரனாய் நிற்கிறது.

இதற்கு வழி இல்லாமலில்லை. இந்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றின் பெற்றோர் சங்கமும் விடுமுறையில் ஒரு நாள் பேருந்து அமர்த்திப் பிள்ளைகளைக் கலைக்கூடங்களுக்கு அழைத்துச் செல்லட்டும். ஆலயத் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் கரையும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஓர் ஆசிரியரை வாரந்தோறும் வரவழைக்கட்டும். எல்லாரும் கலைஞராக வேண்டியதில்லை. தாளம் பயின்ற பிள்ளை ஒழுங்கைக் கற்கும். நிமிர்ந்து நிற்கக் கற்ற சிறுமி எந்த வாயிலிலும் அனுமதி கேட்டுத் தயங்கமாட்டாள். சோறு உடலை வளர்க்கும். அச்சோற்றைத் தலைநிமிர்ந்து உண்ணும் மனத்தை வளர்ப்பது கல்வியும் கலையுமே. அதனைப் பிள்ளைகளுக்கு மறுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?