தலை திரும்பக் கூடாது

கொல்கத்தாவில் கிரிக்கெட் வலைக்கு வெளியே நின்று தமிழில் கத்தும் ஒரே அப்பா நானாகத்தான் இருப்பேன். "தூக்கி அடிடா!" ஐ.பி.எல். பார்த்து வளர்ந்த என் பத்து வயது மகனும் ஒவ்வொரு பந்துக்கும் மட்டையைக் குறுக்கே வீசினான். ஸ்டம்புதான் பறந்தது.

வங்காளிப் பயிற்சியாளர் திட்டவில்லை. பழைய காலுறைக்குள் பந்தைப் போட்டு, கயிறு கட்டித் தொங்கவிட்டார். மட்டை நேராக வந்து பட்டால் பந்து நேராகப் போய்த் திரும்பும். குறுக்கே இழுத்தால் கோணலாகச் சுற்றும். மேல்கைதான் மட்டையை நடத்த வேண்டும், கீழ்க்கையின் பிடி தளர்ந்திருக்க வேண்டும், தலை அசையக் கூடாது. இரண்டு மாதமாக இதே பாடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வலது கையால் எழுதுகிறான், இடது கை ஆட்டம் ஆடுகிறான். அதை மாற்றினால் என்ன?" என்று கேட்டேன்.

சிரித்தார். சௌரவ் கங்குலியும் இயல்பில் வலது கைக்காரர்தான். இடது கை ஆட்டக்காரரான அண்ணனின் கையுறை, காப்புகளைப் போட்டுக்கொண்டு ஆடிப் பழகியவர். 1996இல் லார்ட்ஸ் மைதானத்தில், தன் முதல் டெஸ்டிலேயே 131 ரன் எடுத்தார்.

"கை இருக்கட்டும் தாதா. நீங்கள் கத்தும்போதெல்லாம் அவன் தலை உங்கள் பக்கம் திரும்புகிறது. கவனித்தீர்களா?"

கவனித்ததில்லை.

இப்போது நான் டீக்கடை பெஞ்சோடு சரி. போன ஞாயிறு ஒரு பந்து பயிற்சியாளரைத் தாண்டி நேராக ஓடியது. மகன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மண் குவளையில் டீ ஆறிப்போயிருந்தது.