தம்ளர் சத்தம்

முதல்முறை கேட்டபோது அடுக்களையில் யாரோ தம்ளர் கழுவுகிறார்கள் என்று நினைத்து எழுந்துபோய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. சத்தம் கேசட்டுக்குள்ளிருந்து வந்தது.

நண்பன் பதிந்து கொடுத்த கேசட் அது. உறையில் நீல மையில் ‘பில் எவன்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தான். முதல் பாட்டு ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’. 1949-இல் அதே பெயரில் வந்த ஹாலிவுட் படத்துப் பாட்டு. படம் மறந்துபோய்ப் பாட்டு மட்டும் நிற்பது நமக்கொன்றும் புதிதில்லையே!

கேசட்டில் இருந்தது பதிவான நாள் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறை கிளப். மதியம் இரண்டு, இரவு மூன்று என்று ஐந்து முறை மேடையேறினார்கள். பியானோவில் எவன்ஸ், டிரம்ஸில் பால் மோஷன், பேஸில் ஸ்காட் லஃபாரோ. பேஸ் என்றால் தாளத்தோடு பின்னால் நடந்து வரவேண்டும் என்பது வழக்கம். லஃபாரோ பியானோவை இடைமறித்துப் பேசுகிறவர். ஆனால் இந்தப் பாட்டில் மட்டும் ஒரு சுரத்தை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். அது கரைகிற வரை எவன்ஸும் அவசரப்படுவதில்லை. மோஷனின் கம்பித் தூரிகை, விடியற்காலையில் தெருக்கோடியில் யாரோ வாசல் பெருக்குவதுபோல. அந்த மூவரில் யார் பெரியவர் என்று நண்பனோடு சண்டை போட்டதுண்டு. இப்போது கேட்டால் லஃபாரோ என்பேன், அதுவும் இந்தப் பாட்டுக்காக.

வருஷங்கள் கழித்து, இந்தப் பாட்டு ஓடும்போது மகள் கேட்டாள்: “ஏம்பா, அங்க யாருமே பாட்டைக் கேக்கலையா? பேசிக்கிட்டே இருக்காங்க?”

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பதினோராம் நாள், ஜூலை 6, லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. எவன்ஸ் பல மாதம் மேடைப் பக்கமே போகவில்லை. அன்றைய பதிவிலிருந்து வந்த முதல் இசைத்தட்டுக்கு, லஃபாரோ நன்றாக வெளிப்படுகிற உருப்படிகளாகப் பார்த்து எடுத்தார்கள். அவர் அடக்கி வாசித்த இந்தப் பாட்டு அதில் இல்லை. அடுத்த தட்டான ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’யில்தான் வந்தது.

கேசட் எப்போதோ நாடா சிக்கி அறுந்தது. இப்போது போனில் கேட்கிறேன், புதிதாகச் சுத்தப்படுத்திய பதிவு. தம்ளர் சத்தம் அப்படியே இருக்கிறது.