பதவியை விட்ட முதல்வர்

தொழிற்கல்வி நிறுவனத் தலைமை என்றாலே எனக்கு ஜி.டி. நாயுடுதான் நினைவுக்கு வருவார். 1945இல் கோவையில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி எழக் காரணமானவர், அதன் முதல்வராகவும் இருந்தவர். பள்ளிப் படிப்பையே முடிக்காத மனிதர்! நான்கு ஆண்டுப் படிப்பு பிள்ளைகளின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டே ஆண்டு போதும் என்றார். ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. விலகிவிட்டார்.

இரண்டு ஆண்டு போதுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கணக்கும் இயற்பியலும் மனதில் ஊற நாளாகும். ஆனால் பாடத்திட்டத்தை மாணவன் பக்கம் நின்று பார்த்தாரே, அந்தத் துணிச்சல்தான் ஒரு நிறுவனத்தை மாற்றும். இன்றைய ஐடிஐ முதல்வர்களுக்குப் பதிவேடு, ஆய்வு, அறிக்கை என்றே பொழுது கரைகிறது. கோப்பு வேலைக்குத் தனியாக ஆள் போடுங்கள். லேத் முன்னால் திணறும் பையனிடம் "எது வரல தம்பி?" என்று கேட்க அவர்களை விடுங்கள்.