பாவும் பழையதும்

மும்பையில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பொன்றில் வாழும் எங்களுக்கு விடியலை அறிவிப்பது சேவலன்று, கோயில் மணியுமன்று. காலை ஆறு மணியளவில் முதலில் ஒரு சைக்கிள் மணி கேட்கும். பின்னால் கட்டிய பெரிய மூட்டையைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு பாவ் விற்பவர் வருகிறார் என்று பொருள். அவர் போய்க் கால் மணி நேரம் ஆவதற்குள் ரப்பர் ஊதல் ஒன்று 'பாம், பாம்' என்று ஒலிக்கும். அது தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரமும் சாம்பார்த் தூக்குமாக வரும் நம்மவர். இவ்விரண்டு ஓசைகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் எங்கள் இல்லத்தில் பல ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்துவந்தது. பாவா, இட்லியா என்பதே வழக்கு. வாதி நான், பிரதிவாதிகள் என் மனைவியும் மகனும். வெளியூரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் இவ்வழக்கு இன்றும் நிலுவையில் இருக்கக்கூடும் என்பதால், நான் தோற்ற கதையை இங்கே எழுதத் துணிகிறேன்.

2003-ஆம் ஆண்டு, பி.ஏ. பட்டமும் பணி நியமன உத்தரவும் ஒரு தகரப் பெட்டியுமாக நான் இந்நகரில் வந்திறங்கினேன். தாமிரபரணிக் கரையில் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த எனக்கு ரொட்டி என்பது உணவே அன்று. மருந்தின் ஓர் உறுப்பு. காய்ச்சல் கண்டால் மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். அப்பா திரும்பும் வழியில் ரொட்டிப் பொட்டலம் வாங்கி வருவார். அதைப் பாலில் நனைத்து அம்மா ஊட்டுவார். உடல் தேறியபின் மிச்சத் துண்டுகளைக் கேட்டால், "காய்ச்சக்காரன் திங்கதுலா இது! எந்திரிச்சு வந்து சோறு தின்னுலே" என்று அதட்டுவார். ஆகவே, நலமாக உள்ள மனிதர்கள் நாள்தோறும் காலையில் தேநீரில் பாவைத் தோய்த்து உண்பதை முதன்முதலில் கண்டபோது, ஒரு நகரமே நோயுற்றிருப்பதாக எனக்குத் தோன்றியது.

என் அறைத் தோழர் ஒருவர், மாவைக் காலால் மிதித்துப் பிசைவதாலேயே 'பாவ்' என்று பெயர் வந்ததாகச் சொல்லி வைத்தார். காலுக்கு மராத்தியில் 'பாய்', இந்தியில் 'பாவ்(ங்)' என்பதால் கட்டிவிட்ட கதை அது. உண்மையில் அச்சொல் போர்த்துக்கீசிய மொழியில் ரொட்டியைக் குறிக்கும் 'பாவ்ங்' என்பதன் வழி வந்தது. இதை அறிந்தபோது எனக்கு என் சின்னத் தாத்தாவின் நினைவு வந்தது. கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்து ஊர் திரும்பிய அவர், ரொட்டியைப் 'பாண்' என்றுதான் கடைசி வரை சொல்லிவந்தார். இலங்கைத் தமிழரின் 'பாண்', மும்பையின் 'பாவ்' இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கடல் கடந்து வந்த ஒரு சொல் இரண்டு கரைகளில் ஒதுங்கி, இரண்டு மக்களின் காலையுணவாயிற்று.

போர்த்துக்கீசியர் 1510-ஆம் ஆண்டில் கோவாவைக் கைப்பற்றினர். அவர்களுக்கு உணவுக்கும் ரொட்டி வேண்டும்; வழிபாட்டுக்கும் ரொட்டி வேண்டும். மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் கிடைக்காத இடத்தில் கோவா மக்கள் தென்னங்கள்ளைச் சேர்த்துப் பிசைந்தனர். நம் ஊர்களில் ஆப்ப மாவுக்குக் கள் விட்ட வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. பின்னர் கோவாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ரொட்டித் தொழிலாளர்கள் அந்தக் கைத்திறனைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தனர். ஒருமுறை அலுவலகப் பணியாகப் பணஜி சென்றிருந்தேன். விடியற்காலையில் விடுதியறைக்கு வெளியே 'பாம், பாம்' என்ற ஊதல் கேட்டது. நம் இட்லிக்காரர் இங்கும் வந்துவிட்டாரா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். சைக்கிளில் கூடை கட்டிய கோவா ரொட்டிக்காரர் நின்றிருந்தார். அங்கே அவரைப் 'பொதேர்' என்கிறார்கள். ஊதல் ஒன்றே, கூடையில் இருந்ததுதான் வேறு.

ரொட்டி இந்த மண்ணில் எளிதாக ஏற்கப்பட்டுவிடவில்லை. கிணற்றில் ரொட்டித் துண்டைப் போட்டுவிட்டால் அந்நீரை அருந்திய ஊரே மதம் மாறியதாகக் கருதப்பட்டது என்றொரு செவிவழிக் கதை மேற்குக் கரையில் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அதன் அடியில் இருந்த அச்சம் மெய்யானது. 1890-இல் புனே நகரத்துப் பாதிரிமார் இல்லமொன்றில் தேநீர் விருந்தில் கலந்துகொண்டதற்காகத் திலகர், ரானடே போன்ற பெருமக்களே பிராயச்சித்தம் செய்துகொள்ள நேர்ந்தது. தேசத்தையே தட்டி எழுப்பிய தலைவர்களுக்கு ஒரு கோப்பைத் தேநீர் அத்தனை தொல்லை தந்தது.

அந்த வேலியைத் தகர்த்தவை சொற்பொழிவுகள் அல்ல, பசியும் நேரமின்மையும்தாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானிலிருந்து வந்து குடியேறியவர்கள் தெருமுனைகளில் தேநீர்க் கடைகளைத் திறந்தனர். 1904-இல் தொடங்கப்பட்ட கயானி கடை இன்றும் நடைபெறுகிறது. வெண்ணெய் தடவிய மொறுமொறுப்பான புருன் பாவும் தேநீரும் பல சாதியினரையும் பல மொழியினரையும் அங்கே ஒரே மேசையில் அமர்த்தின. ஆலைச் சங்கு ஊதுவதற்குள் ஓட வேண்டிய தொழிலாளிக்குப் பாவ் கையோடு போகும் உணவாயிற்று. 1966-இல் தாதர் நிலையத்துக்கு வெளியே அசோக் வைத்யா என்பவர் உருளைக்கிழங்கு வடையைப் பாவுக்குள் வைத்து விற்கத் தொடங்கினார் என்பர். 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பின் வேலை இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இதே வடாபாவ்தான் உணவாகவும் தொழிலாகவும் கைகொடுத்தது.

இத்தனையும் படித்தறிந்த பின்னரும் என் வாதத்தை நான் விடவில்லை. 'பாவ் அந்நியருடையது, இட்லி நம்முடையது' என்பதே அவ்வாதம். ஆனால் நூல்களைப் புரட்டப் புரட்ட என் சாட்சிகளே எனக்கு எதிராகத் திரும்பினர். இட்லியைப் போன்ற ஒரு பண்டத்தின் பெயரைப் பத்தாம் நூற்றாண்டிலேயே சொல்லும் நூல் 'வட்டாராதனை' என்னும் கன்னட நூல். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னியில் நான் ஆசையோடு கேட்கும் மிளகாயோ, அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, அதே போர்த்துக்கீசியரின் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தது. மதுரைக்காஞ்சியும் பெரும்பாணாற்றுப்படையும் அப்ப வணிகரைக் 'கூவியர்' என்று குறிக்கின்றன. அந்த அப்பத்தின் பெயரைத்தான் விவிலியத்தைத் தமிழாக்கியோர் ரொட்டிக்கு வைத்தனர். நம் மொழி கதவைத் திறந்து பல நூற்றாண்டுகள் ஆயின. நான்தான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விக்டர் ஹியூகோவின் பெருநாவல் 1862-இல் வெளிவந்தது. பசித்த குழந்தைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடியவன் சிறைக்குப் போகும் கதை அது. சுத்தானந்த பாரதியார் அதனை 'ஏழைபடும் பாடு' என்று தமிழில் தந்தார்; 1950-இல் அது திரைப்படமாகவும் வந்து, நாகையாவின் நடிப்பால் நம் முன்னோரை அழ வைத்தது. ரொட்டியை நாள்தோறும் உண்டறியாத மக்கள், ரொட்டி திருடியவனுக்காக அழுதார்கள். பசிக்கு அவர்கள் மொழிபெயர்ப்பு வேண்டி நிற்கவில்லை. இந்த உண்மை எனக்கு விளங்க ஒரு பெருமழை வர வேண்டியிருந்தது.

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் மட்டும் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நாள். மாலையில் அலுவலகத்திலிருந்து புறப்பட்ட என் மின்வண்டி வழியில் நின்றுபோனது. இருளில், இடுப்பளவு நீரில், முன்னே செல்பவரின் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தோம். குர்லாவுக்கு அருகே ஒரு சந்தில் கால் ஓய்ந்து படியொன்றில் அமர்ந்துவிட்டேன். அது ஒரு பேக்கரியின் படி. உள்ளே மாவு மூட்டைகள் நனைந்து கிடந்தன, அடுப்பு அணைந்திருந்தது. தாடி வைத்த முதியவர் ஒருவர், பரணில் தப்பியிருந்த பாவ்களை எடுத்து, வருவோர் போவோர் கையிலெல்லாம் இரண்டிரண்டாக வைத்துக்கொண்டிருந்தார். நான் சட்டைப்பையைத் தடவினேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்து, "முதலில் சாப்பிடு, மகனே" என்று இந்தியில் சொன்னார். அமுதசுரபி ஏந்திய மணிமேகலையைக் கல்லூரியில் பாடமாகப் படித்து மதிப்பெண் வாங்கியவன் நான். அவள் தாடியோடும் வருவாள் என்று அன்றுதான் அறிந்தேன். அந்தப் பாவ் ஈரமாக இருந்தது. மழை நீரா என் கண்ணீரா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

தொலைபேசி இணைப்புக் கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. "அன்னைக்கு ராத்திரி என்னலே சாப்பிட்ட?" என்பதே அம்மாவின் முதல் கேள்வி. "நம்மூர்க்காரர் ஒருத்தர் இட்லி குடுத்தாரும்மா" என்றேன். ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன்? காய்ச்சல்காரன் உணவைத் தின்றேன் என்றால் அம்மா கவலைப்படுவார் என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். உண்மை அதுவன்று. பாவினால் உயிர் பிழைத்தேன் என்று ஒப்புக்கொள்ள என் வீம்பு இடந்தரவில்லை. எனக்கு உணவளித்தவரின் அடையாளத்தையே அன்று நான் மாற்றிவிட்டேன். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

2016-இல் அப்பா காலமான பின் அம்மா எங்களோடு வந்து தங்கினார். எல்லோரும் உண்டு முடித்து, பதினொரு மணிக்கு மேல், எது மிஞ்சியதோ அதைச் சமையலறைத் தரையில் அமர்ந்து உண்பது அவர் வழக்கம். எத்தனை வற்புறுத்தினாலும் மாற்றிக்கொள்ளவில்லை. அதை அவருடைய இயல்பு என்றே எண்ணியிருந்தேன்.

2022 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து உண்பதை அம்மா கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நாங்க வெறும் வயித்தோடதான் பள்ளிக்கூடம் போவோம். பழையது வயலுக்குப் போற ஆம்பளைகளுக்கு. நீத்தண்ணி மிஞ்சுனா அண்ணனுக்கு. அஞ்சாம் வகுப்போட என்னய நிறுத்துனாங்க. மயங்கி மயங்கி விழுந்தா வாத்தியாரு எத்தன நாளு தூக்கிவிடுவாரு?"

நாற்பது வயதைக் கடந்த மகன், தன் தாய் ஏன் ஐந்தாம் வகுப்போடு நின்றாள் என்பதை அன்றுதான் கேட்டறிந்தான். 'நம்முடைய காலையுணவு' என்று நான் வழக்காடிக்கொண்டிருந்த அந்தப் பண்பாட்டில், என் அம்மாவுக்குக் காலையுணவே இருந்ததில்லை. கிராமத்தில் இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தது; ஆட்டுக்கல்லில் அரைத்தவர் அம்மா; உண்டவர்கள் நாங்கள்.

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மா நோயில் விழுந்தார். வாய்ப்புண்ணால் இட்லியின் புளிப்பும் சட்னியின் காரமும் ஆகவில்லை. ஒரு நாள் காலை என் மகன் பாவ் ஒன்றைப் பிய்த்துப் பாலில் நனைத்து எடுத்து வந்தான். நான் தடுக்க வாயெடுத்தேன். அம்மா சிரித்தார். "காய்ச்சக்காரன் திங்கதுதானலே? இப்ப நானே காய்ச்சக்காரிதான். குடு" என்றார். அன்று முதல் சைக்கிள் மணி கேட்டதும் பையன் படியிறங்கி ஓடுவான். வீட்டில் எவரும் பல் துலக்குமுன்னரே ஆச்சிக்குச் சூடான பாவும் பாலும் போய்விடும். நான்கு மாதங்கள் இது தவறவில்லை. ஒரு நாள் என்னை அருகில் அழைத்து, "எல்லாருக்கும் முன்னாடி எனக்கு ஒருத்தன் குடுக்கான் பாத்தியாலே" என்றார். பேரனைப் பாராட்டிய அச்சொல்லில் எனக்கான தீர்ப்பும் இருந்தது. அன்றுதான் ஜூலை 26-ஆம் நாள் இரவின் உண்மையை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பெரியவருக்கு ஒரு நன்றியாவது சொன்னியா?" என்றார். நான் சொல்லியிருக்கவில்லை.

அம்மா போனபின் அந்தச் சந்தைத் தேடிச் சென்றேன். பேக்கரி இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை இருந்தது. முதியவரைப் பற்றி அங்கே அறிந்தவர் எவருமில்லை. இப்போது நகரின் விறகு அடுப்புப் பேக்கரிகளுக்கும் சோதனைக் காலம். காற்று மாசைக் கருதி, விறகையும் நிலக்கரியையும் கைவிட்டு வேறு எரிபொருளுக்கு மாறுமாறு 2025 ஜனவரியில் மும்பை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. மூச்சுக்குக் காற்று வேண்டும், ஆணை நியாயமானதே. எந்த அடுப்பில் வெந்தாலும் அந்தச் சைக்கிள் மணி நின்றுவிடாதிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

முதலாண்டு நினைவு நாளில் அம்மாவின் படத்துக்கு முன் தலைவாழை இலை விரித்து, சோறும் வடையும் பாயசமும் படைத்தோம். மகன் ஒரு கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றான். பாலில் நனைத்த பாவ். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் இலையில் இருந்த சோற்றைச் சற்றே ஒதுக்கி, அதற்கு இடம் செய்துகொடுத்தேன்.