நீலம் ஓடிய இரும்பு

கந்தப்பளையில் ஒரு துவக்கைச் செய்து முடிக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. பதற வேண்டாம், அதன் நீளம் மூன்றரை சென்டிமீட்டர்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை வைத்திருந்த எம்.ஜி. 42 என்ற இயந்திரத் துவக்கின் பிளாஸ்டிக் மாடல் அது, அசலில் 35இல் ஒரு பங்கு. கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் நாலு பேர், லீவுக்கு ஊருக்கு வந்தால் ஒரு லயத்து வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறோம். ஒட்டுகிற வேலை ஒரு நாளில் முடிந்துவிட்டது. மற்ற நாளெல்லாம் போனது, பக்கத்தில் கழற்றிப் போட்டிருக்கிற மாற்றுக் குழாய் ஒன்றுக்கு சூடு பட்ட நிறத்தைக் கொண்டுவரத்தான்.

இரும்பு பழுக்கக் காய்ந்தால் சிவக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே அது நிறம் மாறத் தொடங்கிவிடுகிறது. ஏறக்குறைய 220 பாகை செல்சியஸில் வைக்கோல் மஞ்சள். 260ஐத் தொடும்போது பழுப்பு. 280 வாக்கில் ஊதா. 300இல் நீலம். அதையும் தாண்டினால் நிறம் செத்து சாம்பலாகிவிடும். சிவப்பு, ஆறினால் போய்விடும். இந்த நிறங்கள் ஆறின பிறகும் அப்படியே நிற்கும்.

இது சாயம் இல்லை. சூட்டில் இரும்பின் மேல் படிகிற ஆக்சைடு படலம் மிக மிக மெல்லியது. அதன் மேல்பக்கத்தில் பட்டுத் திரும்புகிற ஒளியும் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்புகிற ஒளியும் ஒன்றோடொன்று கலந்துதான் நிறம் தெரிகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். மழை நின்ற ரோட்டில் எண்ணெய் சிந்தின இடத்தில் வானவில் மாதிரி தெரியுமே, அதே கதைதான். பார்க்க வேண்டுமென்றால் ஒரு தையல் ஊசியைக் குறட்டில் பிடித்து கேஸ் அடுப்பு நெருப்பின் ஓரத்தில் காட்டுங்கள். நெருப்பை விட்டுத் தள்ளி மஞ்சள், கிட்ட வர வர பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக ஓடிவரும். பழைய மோட்டார் சைக்கிள் சைலன்சர் என்ஜினை விட்டு வளைகிற இடத்திலும் இதே வரிசை இருக்கும். இந்த வரிசை தலைகீழாக மாறாது. பல மாடல்களில் நீலத்துக்கு வெளியே மஞ்சள் இல்லாமல் வெறும் நீலம் மட்டும் திட்டுத் திட்டாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். அங்கே சூடு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

சாயம் இல்லாத ஒன்றைச் சாயத்தால் காட்டுவதுதான் கஷ்டம். சாதாரண நீல பெயின்ட் அடித்தால் நீலக் குழாய்தான் கிடைக்கும், சுட்ட குழாய் கிடைக்காது. அடியில் இருக்கிற உலோகம் தெரிய வேண்டும். அதனால் முதலில் கறுப்பு, அதன் மேல் கருவெள்ளி நிறம், அது நன்றாகக் காய்ந்த பிறகு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் ஒவ்வொன்றையும் தண்ணீர் மாதிரிக் கரைத்து மெல்லிய படலமாக ஏற்றினோம். தமியா கம்பெனி இதற்கென்றே எரிந்த நீலம், எரிந்த சிவப்பு என்று பொடிகளை ஒரு சின்ன டப்பாவில் விற்கிறது. அது எங்கள் பட்ஜெட்டுக்குள் வரவில்லை. கண்ணாடியில் படம் வரைகிற கலர் போத்தல் நாலு வாங்கினோம், வேலை நடந்தது.

அளவுதான் ஆளைக் கொல்லும். அசல் குழாயில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு நீலம் ஓடியிருந்தால் எங்கள் குழாயில் அது ஒன்றரை மில்லிமீட்டர் கூட வராது. அதற்குள் ஓரம் தெரியாமல் ஒரு நிறம் இன்னொன்றில் கரைய வேண்டும். கந்தப்பளை குளிர் வேறு. மத்தியானம் மூன்று மணிக்கே மிஸ்ட் இறங்கிவிடும். ஈரக் காற்றில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப் போகும். ஒவ்வொரு படலத்தையும் அடுப்படிக்குக் கொண்டுபோய்க் காயவைத்து எடுத்தோம்.

எல்லாத் துவக்கிலும் இப்படி நிறம் ஓடாது என்பதையும் சொல்ல வேண்டும். துவக்கு இரும்புக்கு துருப் பிடிக்காமல் இருக்க கறுப்பு மெருகு ஏற்றியிருப்பார்கள். அதன் மேல் நிறம் லேசில் தெரியாது. நாலு குண்டு சுட்ட துவக்குக்கு வானவில் பூசினால் அது பொய். ஆனால் எம்.ஜி. 42 நிமிடத்துக்கு 1200 குண்டு வேகத்தில் சுடுவது. சூடு தாங்காமல் சில நூறு குண்டுக்கு ஒரு தடவை குழாயைக் கழற்றி வேறு மாட்ட வேண்டும். கழற்றிப் போட்ட அந்தக் குழாய்க்குத்தான் நாங்கள் நிறம் பூசினோம்.

இங்கேதான் எங்களுக்குள் பேச்சு வந்தது. "சுட்ட அடையாளத்த அழகா பூசுறது, சுட்டதையே அழகாக்குற மாதிரி இல்லியா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். வீட்டிலும் இதே கேள்விதான், வேறு மாதிரி. "பொம்மைன்னாலும் துவக்கு துவக்குதான். பேக்குல வச்சிக்கிட்டு பஸ் ஏறிடாதீங்க புள்ளைகளா" என்றார் அம்மா. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மலையகத்துப் பையன்களும்தான் பிடிபட்டு வருஷக்கணக்காக உள்ளே இருந்தார்கள். அம்மாவின் வயதுக்காரர்களுக்கு அது செய்தி இல்லை, பக்கத்து லயத்தில் நடந்தது.

நாங்கள் யோசித்து வந்து சேர்ந்த இடம் இதுதான். கடையில் தொங்குகிற பளபளப்பான பொம்மைத் துவக்கு, எதுவுமே நடக்கவில்லை என்று சொல்கிறது. நீலம் ஓடிய குழாய் அப்படிச் சொல்லாது. அந்த ஒன்றரை மில்லிமீட்டர் நிறத்துக்குப் பின்னால் சில நூறு குண்டு இருக்கிறது, குண்டு போன பக்கத்தில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். சரியாகப் பூசினால் அது ஒரு கணக்கு. கேள்வி கேட்டவள் இதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்து என்ன செய்யலாம் என்பதை அவள்தான் சொன்னாள்: கவ்வாத்துக்காரர்.

தேயிலையை மேல்நாட்டில் நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்டுவார்கள். அந்த ஆளுக்கு எந்தக் கம்பெனியும் மாடல் பெட்டி போட்டதாக நாங்கள் பார்த்ததில்லை. ஒரு சிப்பாய் பொம்மையின் தலைக்கவசத்தை அறுத்துத் தொப்பி வைத்தோம். கையில் இருந்த துவக்கை எடுத்துவிட்டோம். பால்மா டின்னின் உள்மூடித் தகட்டை வெட்டிக் கத்தி செய்தோம். பிறகு பழக்க தோஷத்தில், கத்திக்கு எங்கே நீலம் போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டின பக்கத்து வீட்டுத் தாத்தா சிரித்துவிட்டார். "வாய்ல நீலம் ஓடுச்சின்னா கத்தி செத்துப் போச்சிடா. ஒரு மரம் வெட்டுறதுக்குள்ள மழுங்கிப் போகும்" என்றார். பட்டறையில் கத்தியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த பிறகு மறுபடி லேசாகச் சூடு காட்டுவார்களாம். முதுகுப் பக்கமிருந்து நிறம் வாய்க்கு ஓடிவரும். வாயில் வைக்கோல் நிறம் வந்ததும் டக்கென்று தண்ணீர். விட்டால் நீலம் வந்துவிடும், இரும்பு இளகிவிடும். மெஷின் கல்லில் அவசரமாகத் தீட்டினாலும் வாய் நீலமாகும். அதனால்தான் அவர் கையால், தண்ணீர் விட்டு விட்டுத் தீட்டுவார்.

துவக்கில் நீலம், ரொம்ப வேலை செய்ததற்கு அடையாளம். கத்தியில் அதே நீலம், இனி வேலைக்கு ஆகாது என்பதற்கு அடையாளம். கத்தியின் முதுகில் பட்டறைக் கறுப்பை விட்டுவிட்டு, வாயில் வெறும் வெள்ளிக் கோடு மட்டும் இழுத்தோம். பட்டறையில் வந்த வைக்கோல் நிறம்கூட அங்கே இருக்காது, தீட்டுகிற கல் அதைத் தின்றுவிடும். தாத்தா அதை விரல் நுனியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புடி இன்னும் கொஞ்சம் தேஞ்சிருக்கணும்" என்றார். தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது கொழுந்துத் தராசு. அதில் சூட்டு நிறம் கிடையாது. துருவும் கை பட்ட தேய்மானமும்தான். எங்கே தேய்ந்திருக்கும் என்று கேட்க எங்கள் லயத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.