சொட்டுத் தண்ணீரும் என் கீரைப் பாத்தியும்



இந்தச் சுவர்ப் பத்திரிகையில் எல்லோரும் மழை, மரம், தாய்நாடு என்று அழகாக எழுதுகிறார்கள். நான் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் ஒரு குழாயைப் பற்றி எழுதப் போகிறேன். அதில் நான் செய்த தப்பையும் எழுதுகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

எங்கள் வீடு ஓட்டு வீடு. அப்பா கோயம்புத்தூரில் கட்டட வேலை பார்க்கிறார். மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். அம்மா களையெடுக்கப் போய்விடுவார். வீட்டில் அப்பாயியும் நானும் தம்பியும்தான். எது உடைந்தாலும், எது ஆடினாலும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான்: "அப்பா வரட்டும்." கதவுக் கீல் ஆடுகிறதா? அப்பா வரட்டும். வாசல்படி சிமெண்டு பேர்ந்துவிட்டதா? அப்பா வரட்டும். அப்பா வந்தால் இரண்டு நாள் இருப்பார். அதில் ஒரு நாள் தூங்குவதற்கே சரியாகிவிடும்.

மார்கழியில் கொல்லைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட் சொட் என்று நிற்காது. அந்தத் தண்ணீர் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி, சிமெண்டுத் தரை மேல் ஓடி, முருங்கை மரத்தடி மண்ணில் போய் இறங்கும். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. சும்மா போகிற தண்ணீர்தானே, அங்கே தோட்டம் போட்டால் என்ன?

ஆடிப் பட்டம் தேடி விதை என்று எல்லோருக்கும் தெரியும். தைப் பட்டமும் நல்ல பட்டம்தான் என்று அப்பாயி சொன்னது. பொங்கல் முடிந்த மறுநாள் நானும் தம்பியும் மண்ணைக் கொத்தி, மக்கின சாணி எரு போட்டு மூன்று பாத்தி கட்டினோம். ஒன்றில் சிறுகீரை, ஒன்றில் வெண்டை, குழாய்க்குப் பக்கத்தில் இருந்ததில் ஆறு கத்திரி நாற்று. வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து, ஒரு முழத்துக்கு ஒன்றாக ஊன்றினோம். ஆறாம் நாள் இரண்டு இலை விட்டு எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட இறக்காமல் நேராகக் கொல்லைக்குத்தான் ஓடுவேன்.

தை மாதம் நடுவில் அம்மா என்னிடம் இருபது ரூபாய் கொடுத்தார். "பக்கத்து வீட்டு மாமாகிட்ட சொல்லி ஒரு வாஷர் வாங்கிப் போடச் சொல்லு. தண்ணி வீணாப் போகுது" என்றார். நான் அந்த நோட்டை ஜாமென்ட்ரி பாக்ஸில் வைத்தேன். மாமாவிடம் போகவே இல்லை. குழாய் நின்றுவிட்டால் என் பாத்திக்கு நான் குடம் குடமாகத் தூக்க வேண்டுமே! அம்மா மறுபடி கேட்டபோது, "மாமா வெளியூர் போயிருக்காரும்மா" என்று பொய் சொன்னேன். மாமா அன்றைக்கு அவர் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

மாசி பிறந்து நான்காம் நாள். நான் பள்ளியில் இருந்தேன். தண்ணீர் ஓடி ஓடி அந்தச் சிமெண்டுத் தரையில் பாசி பிடித்திருந்தது. வெயில் படாத இடம் வேறு. அப்பாயி எனக்குக் கீரை பறித்துச் சமைக்கலாம் என்று போயிருக்கிறது. பாசியில் வழுக்கி விழுந்து வலது கையை ஊன்றிவிட்டது. புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள்.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னபோது, "என் தப்புதான். போன தடவ வந்தப்பவே பாத்திருக்கணும்" என்றார். எனக்குத் தொண்டையை அடைத்தது. ஜாமென்ட்ரி பாக்ஸில் இருபது ரூபாய் அப்படியே இருந்தது.

வலது கை கட்டில் இருந்ததால் அப்பாயிக்கு நான்தான் சோறு ஊட்டினேன், தலை வாரினேன். மூன்றாம் நாள் ஊட்டும்போது என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அப்பாயி திட்டும் என்று நினைத்தேன். மென்று முழுங்கிவிட்டுச் சொன்னது: "எனக்குத் தெரியும் தாயி. மாமன் திண்ணையில இருக்கையில நீ வெளியூருன்னு சொன்னத நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். எனக்கும் கீரை ஆசை, சும்மா இருந்துட்டேன். கை ஒட்டிக்கும். போயி அந்தக் கொழாயப் பாரு."

மறுநாள் சனிக்கிழமை. அதற்கு முந்தின ராத்திரி சொட்டும் இடத்தில் வாளி வைத்தேன். மாலை ஆறு மணிக்கு வைத்த 10 லிட்டர் வாளி காலை ஆறு மணிக்கு நிறைந்திருந்தது. அப்படியென்றால் ஒரு நாளைக்கு 20 லிட்டர். மாதத்துக்கு 600 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் கணக்குப் போட்டால் 40 குடம். இன்னொன்றும் பார்த்தேன். குழாய்க்குப் பக்கத்தில் வைத்த ஆறு கத்திரி நாற்றில் நான்கு வேர் அழுகிச் சாய்ந்து கிடந்தன. எந்நேரமும் ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்றுப் போகாது. எந்தச் செடிக்காகப் பொய் சொன்னேனோ, அதையே அந்தத் தண்ணீர் கொன்றுவிட்டது.

கடைக்குப் போய் அரை இஞ்சு குழாய்க்கு வாஷர் கேட்டேன். கடைக்காரர், "அப்பாவ வரச்சொல்லு பாப்பா, ஒனக்கு என்ன தெரியும்" என்றார். "அப்பா ஊர்ல இல்லண்ணே, நான்தான் போடப் போறேன்" என்றேன். வாஷர் ஐந்து ரூபாய், வெள்ளை டேப் பத்து ரூபாய். அம்மா கொடுத்த அதே நோட்டைத்தான் கொடுத்தேன்.

ஸ்பேனர் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனபோது மாமா, "நானே வந்து போட்டுத் தர்றேன்" என்றார். "வேண்டாம் மாமா, நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்றேன். அவர் கல்லில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதலில் தொட்டியிலிருந்து வரும் கேட்வால்வை மூட வேண்டும். பிறகு குழாயைத் திறந்து பைப்பில் மிச்சம் இருக்கும் தண்ணீரை வடிய விட வேண்டும். ஒரு ஸ்பேனரால் குழாயின் உடம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் தலையைக் கழற்ற வேண்டும். பிடிக்காமல் திருகினால் பிளாஸ்டிக் பைப் முறிந்துவிடும். உள்ளே இருந்த பழைய வாஷர் கல் மாதிரி இறுகி, நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. என் கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கும். அதுதான் இவ்வளவும் செய்தது!

குழாய் பைப்பில் சேரும் இடத்திலும் கசிந்ததால் அதையும் கழற்றி டேப் சுற்றினேன். நான் எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். திருகும்போது டேப் சுருண்டுகொண்டு வந்தது, தண்ணீர் திறந்ததும் முகத்தில் பீய்ச்சி அடித்தது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். மாமா சிரிக்காமல், "மரை ஏறுற பக்கமாச் சுத்து" என்றார். இரண்டாம் தடவை சுற்றி மாட்டினேன். கேட்வால்வைத் திறந்தோம். எல்லோரும் குழாயையே பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட இல்லை.

அடுத்த நாள் பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்து, தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்துக் கழுவினேன். இப்போது பாத்திரம் அலசுகிற தண்ணீரைப் பாத்திக்கு ஊற்றுகிறேன், அரிசி கழுவின தண்ணீரையும்தான். சோப்புத் தண்ணீர் மட்டும் வாழைக்குப் போகிறது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்றுவது. வெண்டை மாசிக் கடைசியில் பூத்தது. பங்குனியில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறோம். விட்டுவிட்டால் முற்றி நாராகிவிடும். அசுவினி வந்த செடிக்குக் காலை ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவினோம்.

போன வாரம் அப்பா வந்தார். குழாயை இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "யாரு போட்டது?" என்றார். "நான்தாம்ப்பா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கதவுக் கீலும் ஆடுது, வா பாப்போம்" என்று திருப்புளியை என் கையில் கொடுத்தார். ஆணி பிடிக்காத ஓட்டையில் இரண்டு தீக்குச்சியை உடைத்துச் செருகி முடுக்கினால் கெட்டியாகப் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். வாசல்படிக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து இருவரும் பூசினோம். ஏழு நாளாக ஈரச்சாக்குப் போட்டு நனைப்பது என் வேலை. ஓடு மாற்றுவது மட்டும் அப்பா வேலை. அதில் ஏற எனக்கும் பயம்தான்!

தோழர்களே, தோழிகளே! உங்கள் வீட்டிலும் ஏதாவது சொட்டிக்கொண்டோ ஆடிக்கொண்டோ இருக்கும். "அப்பா வரட்டும்", "அண்ணன் பார்க்கட்டும்" என்று விடாதீர்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டுச் செய்யுங்கள். கரண்டு வேலையை மட்டும் தொடாதீர்கள், அதைப் பெரியவர்களிடம் விடுங்கள். பெண் பிள்ளைக்கு ஸ்பேனர் எதற்கு என்று யாராவது கேட்டால், சொட்டுகிற குழாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று சொல்லுங்கள்.

அப்பாயிக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. தினமும் காலையில் விரலை மடக்கி நீட்டிப் பழகுகிறது. இப்போது நான்தான் கீரை பறித்துக் கொடுக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. இருபது ரூபாய் விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது அம்மா இந்தத் தாளை நின்று படிப்பார். அதற்கு முன்னால், இன்று சாயங்காலமே நானே சொல்லிவிடப் போகிறேன். மிச்சம் ஐந்து ரூபாயையும் கொடுத்துவிடுவேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி