நீ உட்கார்ந்தால்தான் அவளும் உட்காருவாள்

திருக்கடையூர்,
ஐப்பசி 12.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நான்கு நாளாக விட்டுவிட்டு மழை. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, கவலைப்படாதே.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, உங்கள் பனியன் கம்பெனியில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிடும் ஒடிசாப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். அவள் பேர் என்ன என்று கேட்டேன். "தெரியாது அத்தை, அவளுக்குத் தமிழ் வராது, பாவமா இருக்கு" என்றாய். அதற்குள் உனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொல்லி முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

மாயவரத்து ஜவுளிக்கடையில் நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். ஆக்கூர், செம்பனார்கோயில் வழியாகப் போகும் காலை பஸ்ஸைப் பிடித்தால் திரும்பி வர ராத்திரி பத்தாகும். கடைக்குள் நுழைந்ததிலிருந்து நின்றபடியேதான் வேலை. சாய்ந்து நின்றாலும் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கக்கூஸ் மேல்மாடியில். போக அனுமதி கேட்க வேண்டும் என்பதால் தண்ணீரே குடிக்க மாட்டோம். ராத்திரி வீட்டுக்கு வந்தால் கால் வீங்கி, மெட்டி விரலில் பதிந்து கழற்ற வராது. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது அங்கேதான்.

சேர்ந்த முதல் மாதம் என்னிடமும் யாரும் பேசவில்லை. முகூர்த்த சீசனில் ஒருநாள் பட்டுச் சேலை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தலை சுற்றியது. பக்கத்துக் கவுண்டரிலிருந்த வயதான அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் தோளை அழுத்திப் புடவைக் கட்டின் மேல் உட்கார வைத்துவிட்டு, எனக்கு முன்னால் மறைத்து நின்றுகொண்டார். "பத்து நிமிஷம் உக்காரு. யாரு வந்தாலும் நான் பாத்துக்குறேன்" என்றார். என்னிடம் வந்த வாடிக்கையாளருக்கு அவரே சேலை காட்டி, பில்லை என் பேரில் போடச் சொன்னார். அந்த மாதக் கமிஷன் எனக்குக் குறையவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஆறு பேர் முறை வைத்துக்கொண்டோம். ஒருத்தி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் இன்னொருத்தி அவள் கவுண்டரைப் பார்ப்பாள். மாதவிலக்கு வந்தவளுக்கு முதல் முறை. அதற்கு ஒரு பேர் கிடையாது, கணக்குப் புத்தகம் கிடையாது. ஆனால் அது இருந்ததால்தான் நான் பதினோரு வருஷம் தாக்குப்பிடித்தேன்.

2021 செப்டம்பரில் சட்டசபையில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும் என்று அதில் வந்தது. எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. மூன்று நாள் அது அப்படியே கிடந்தது, உட்காரப் பயம். நான்காம் நாள் அந்த அக்கா போய் எல்லோரும் பார்க்க உட்கார்ந்தார். "நான் உக்காந்தாத்தானே நீங்கள்லாம் உக்காருவீங்க?" என்றார். சட்டம் ஸ்டூலைக் கொண்டுவந்தது. எங்களை உட்கார வைத்தது அந்த அக்கா.

அந்தச் சட்டமும் தானாக வந்துவிடவில்லை, பாப்பா. கேரளத்தில் 2018லேயே இப்படி ஒரு திருத்தம் வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற அம்மா, கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று ஒன்றைத் தொடங்கினார். கக்கூஸ் இல்லாத கஷ்டத்தைப் பேசத்தான் முதலில் கூடினார்கள். பிறகு உட்காரும் உரிமைக்காக வருஷக்கணக்கில் போராடினார்கள்.

உன் வேலைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று திண்டுக்கல்லில் நடந்தது. அங்கே ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டாள். பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓயவில்லை. 2022இல் கம்பெனியோடும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போட்டது. அதன்படி, வேலை பார்க்கும் பெண்களிலிருந்தே ஏறக்குறைய இருபத்தைந்து பேருக்கு ஒருத்தி கண்காணிப்பாளர் ஆனாள். சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசினாலோ, கை வைத்தாலோ, சாதி சொல்லித் திட்டினாலோ பக்கத்து மெஷினில் இருப்பவளிடமே சொல்ல வழி வந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இல்லாமல் சொல்ல முடிந்தது. ஆபீஸ் கதவைத் தட்டப் பயப்படுகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் மனதில் வை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் வருஷத்துச் சட்டம். அதில் பாதிப் பேராவது பெண்கள், தலைவரும் பெண், வெளியாள் ஒருவர் கட்டாயம். பாலியல் தொல்லை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத முடியாதவளுக்குக் குழுவே உதவ வேண்டும். உங்கள் குழுவில் யார் யார் என்று நோட்டீஸ் போர்டில் பார்த்து வை. ஆனால் அந்த ஒடிசாப் பெண்ணுக்கு ஒன்று நடந்தால் அந்த போர்டை யார் அவளுக்குப் படித்துச் சொல்வார்கள்?

நேற்று பின்வயலில் சம்பா நடவு. கிழவி ஒருத்தி பின்தங்கிவிட்டாள். இரண்டு பக்கமும் நட்டவர்கள் அவளைப் பார்க்கக்கூட இல்லை. பேசிக்கொண்டே ஆளுக்குக் கொஞ்சம் அவள் பங்கிலும் நட்டுக்கொண்டு போனார்கள். கரைக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் ஏறினார்கள். நீ அந்த வயலில் வளர்ந்தவள்.

நாளைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் போய் உட்கார். பாஷை வராவிட்டால் பரவாயில்லை. ஊறுகாயைப் பகிர்ந்துகொள்ளப் பாஷை வேண்டாம். அவள் ஊரில் சோற்றுக்கு என்ன சொல் என்று கேள், நம் சொல்லைச் சொல்லிக் கொடு. உன் தோழிகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரண்டு நாளில் அவர்களில் ஒருத்தியும் வந்து உட்காருவாள்.

நான் இப்போது சன்னதித் தெருவில் அறுபதாம் கல்யாணத்துக்கு மாலை கட்டுகிறேன். உட்கார்ந்து செய்யும் வேலை, கால் வலி குறைந்திருக்கிறது. அம்பாளிடம் உனக்காக வேண்டிக்கொண்டேன், அவளுக்காகவும். பேர் தெரியாமல் "அந்தப் பொண்ணு" என்றுதான் வேண்ட முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அவள் பேரைச் சொல்.

அன்புடன்,
அத்தை